கைவினைப் பொருளை நெதர்லாந்தில் விற்கிறீர்களா? 3.2 சென்டிமீட்டரைக் கவனியுங்கள்

நெதர்லாந்தில் குடியேறி, கையால் செய்த பொருள்களை இணையத்தில் விற்பவர்கள் மேசையில் எப்போதும் ஓர் அளவுகோல் வைத்திருங்கள். போஸ்ட்என்எல் அஞ்சலில் 'ப்ரீவன்பஸ்பக்யே' என்றொரு வகை உண்டு. வீட்டுக் கதவிலுள்ள அஞ்சல் துளை வழியாகவே உள்ளே போடக்கூடிய பொட்டலம். நீளம் 38, அகலம் 26.5, தடிமன் 3.2 சென்டிமீட்டர் வரை. எடை 2 கிலோவுக்குள். சாதாரணப் பார்சலைவிடக் கட்டணம் குறைவு. வாங்கியவர் வீட்டில் இல்லாவிட்டாலும் போய்ச் சேர்ந்துவிடும்.

15 யூரோ காதணிக்கு முழுப் பார்சல் கட்டணம் கேட்டால் யார் வாங்குவார்கள்? அதனால் வடிவமைக்கும்போதே இந்த அளவை மனத்தில் வையுங்கள். அட்டையும் குமிழித் தாளும் இடம் பிடிக்கும். பொருளின் தடிமன் இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. தடித்த அட்டையில் 26.5 சென்டிமீட்டர் அகலமும் 3.2 சென்டிமீட்டர் உயரமும் உள்ள துளை வெட்டி, கட்டி முடித்த பொட்டலத்தை அதில் நுழைத்துப் பாருங்கள். ஏ4 அச்சோவியம், பூவேலைத் துணி, அணிகலன் எல்லாம் தாராளமாக அடங்கும். பீங்கான் கோப்பை அடங்காது. அதைச் சந்தையில் நேரில் விற்பதே நல்லது.

டிசம்பர் 5 மாலை சின்டர்கிளாஸ் பரிசு நாள். அதற்கான பொருள்கள் நவம்பர் தொடக்கத்திலேயே தயாராக இருக்கட்டும்.

வரி பற்றியும் ஒரு சொல்: ஆண்டு விற்பனை 20,000 யூரோவைத் தாண்டாத சிறுதொழிலர் விண்ணப்பித்து, மதிப்புக்கூட்டு வரியிலிருந்து விலக்குப் பெறலாம். ஆனால் மூலப்பொருளுக்கும் கருவிக்கும் கட்டிய வரி திரும்பக் கிடைக்காது. சூளை போன்ற விலையுயர்ந்த கருவி வாங்கும் எண்ணமிருந்தால், முதலில் கணக்குப் போட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.