பழத்தோட்டத்து எலிக்குக் கூகையைக் காவல் வைப்பது எப்படி?

ஆனேக்கல், சர்ஜாபுரம், தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம் பக்கம் இரண்டு மூன்று ஏக்கரில் மா, கொய்யா, மாதுளை வைத்திருக்கும் பெங்களூர்த் தமிழர்கள் பலர். வாரக் கடைசியில் தோட்டத்துக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது எலி வேலைதான். சொட்டுநீர்க் குழாய் ஓட்டையாகியிருக்கும், இளங்கன்றின் அடிப்பட்டை கொறிபட்டிருக்கும். குழாயை ஒட்டுப்போடலாம். பட்டை சுற்றிலும் முழு வட்டமாகப் போய்விட்டால் கன்று பிழைப்பது அரிது. இலை சமைக்கும் உணவு வேருக்கு இறங்குவது அந்தப் பட்டை வழியாகத்தான்.

இதற்கு நம் ஊரிலேயே இருக்கும் வேட்டைக்காரன் கூகை என்னும் ஆந்தை. வெள்ளை முகம், இதயம் போன்ற வடிவம். இரண்டு காதுகளும் சற்று ஏற்ற இறக்கமாக அமைந்திருப்பதால், கும்மிருட்டிலும் சத்தத்தை வைத்தே எலி இருக்கும் இடத்தைக் கணித்துவிடும். எலியின் அளவைப் பொறுத்து ஒரு இரவில் ஒன்று முதல் மூன்று வரை பிடிக்கும். குஞ்சு இருக்கும் காலத்தில் இன்னும் அதிகம். இஸ்ரேலில் சதே எலியாஹு பண்ணையில் 1980களில் கூகை வந்து தங்கிக் குஞ்சு பொரிக்கப் பெட்டி வைக்கத் தொடங்கினார்கள். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் இது பழகிய முறை. லட்சத்தீவின் கவரத்தியில் தென்னை எலிக்காகக் கூகைகளைக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். ஆனால் அது அரசு செய்த ஏற்பாடு. நீங்களும் நானும் கூகையைப் பிடிப்பதோ, வாங்குவதோ, வளர்ப்பதோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம்மால் முடிந்தது, இடம் செய்துவைத்து அது தானாக வரக் காத்திருப்பது.

1. முதலில், அது எலிதானா?

மரத்தில் தொங்கும் கொய்யா பாதி தின்னப்பட்டு, கீழே மென்று துப்பிய சக்கை கிடந்தால் அது பழந்தின்னி வௌவால். பகலில் நடக்கும் சேதம் அணிலோ கிளியோ செய்தது. இவற்றுக்குக் கூகை உதவாது. அடிமரம், வேர், குழாய், வரப்பு இவற்றில் சேதம் இருந்தால்தான் எலி.

மாலையில் தோட்டத்தில் உள்ள எல்லா வளைவாய்களையும் மண்ணால் மூடுங்கள். மறுநாள் காலையில் திறந்திருப்பவற்றை மட்டும் எண்ணுங்கள். அவைதான் எலி குடியிருக்கும் வளைகள். எண்ணிக்கையைத் தேதியோடு நோட்டில் குறியுங்கள். இது இல்லாமல் ஆறு மாதம் கழித்துப் பலன் இருந்ததா இல்லையா என்று சொல்லவே முடியாது.

2. விஷத்தை நிறுத்துங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். கடையில் கிடைக்கும் புரோமடியோலோன் கட்டியைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாட்கள் தள்ளாடிக்கொண்டு வெட்டவெளியில் திரியும். கூகைக்கு அதைவிட எளிய இரை இல்லை. எலியின் ஈரலில் தங்கியிருக்கும் விஷம் கூகைக்கும் இறங்கி, உள்ளே ரத்தம் கசிந்து சாகும். ஒரு பக்கம் பெட்டியும் இன்னொரு பக்கம் விஷமும் வைப்பது, விருந்துக்கு அழைத்துக் கொல்வதாகும்.

பெட்டி ஏற்றுவதற்கு முன்பே மிச்சமுள்ள விஷக்கட்டிகளைத் தேடி எடுத்துவிடுங்கள். செத்த எலி கிடைத்தால் ஆழமாகப் புதையுங்கள். ஒட்டும் அட்டையும் வேண்டாம், புள்ளி ஆந்தை அதில் சிக்கிக்கொள்ளும். கூகை வேலி பார்த்துப் பறப்பதில்லை, அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் வேட்டையாடும். ஆகவே பக்கத்துத் தோட்டக்காரரிடமும் பேசியாக வேண்டும். செலவைப் பங்கிட்டு, ஆளுக்கொரு பெட்டி என்றில்லாமல் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று வைப்பது நல்ல வழி. தொடக்கத்துக்கு ஏறக்குறைய 12 ஏக்கருக்கு ஒரு பெட்டி போதும்.

3. பெட்டி செய்வது

எட்டுக்கு நாலு அடியில் 12 மி.மீ. தடிமனுள்ள, தண்ணீர் தாங்கும் பிளைவுட் ஒரு ஷீட் போதும். மைசூர் ரோடு மரக்கடைகளில் அளவு சொன்னால் வெட்டியே கொடுப்பார்கள். வெட்ட வேண்டியவை:

முன்பலகை 60 × 60 செ.மீ. பின்பலகை 60 அகலம், 56 உயரம். பக்கப்பலகை இரண்டு, 40 அகலம். முன்புறம் 60, பின்புறம் 56 உயரமாகச் சரித்து வெட்ட வேண்டும். அடிப்பலகை 57.6 × 40. கூரை 75 × 55. மீதித் துண்டில் 57 × 20 அளவில் ஒரு திண்ணை.

அடிப்பலகை 57.6 என்பது அச்சுப்பிழை அல்ல. பக்கப்பலகைகளின் தடிமன் 1.2 செ.மீ. வீதம் இரண்டு பக்கமும் கழிந்தால் அதுதான் வரும். 60 என்றே வெட்டிவிட்டு, உள்ளே இறங்காமல் பலர் தவிப்பது இங்கேதான்.

நுழைவாய் 15 × 15 செ.மீ. முன்பலகையின் ஒரு மூலையில், அடியிலிருந்து 38 செ.மீ. உயரத்தில் தொடங்க வேண்டும். இந்த உயரம் முக்கியம். கூகை 4 முதல் 7 முட்டை வரை ஒவ்வொன்றாக நாள் இடைவெளி விட்டு இடும். முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் குஞ்சுகள் பெரிதும் சிறிதுமாக இருக்கும். வாய் தாழ்வாக இருந்தால் இரைக்கு முண்டியடிக்கும்போது குஞ்சு வெளியே விழும். திண்ணையை வாய்க்குக் கீழே, விளிம்பில் 4 செ.மீ. சட்டம் அடித்துப் பொருத்துங்கள். வளர்ந்த குஞ்சு சிறகடித்துப் பழக அந்த இடம் வேண்டும்.

அடியில் 8 மி.மீ. துளை எட்டு போடுங்கள், தண்ணீர் வடிய. கூரைக்குக் கீழே பக்கத்துக்கு இரண்டு காற்றுத்துளை. ஒரு பக்கப்பலகையில் 20 × 25 அளவில் கீல் கதவு, சுத்தம் செய்ய. ஆணி வேண்டாம், திருகு போடுங்கள். ஆணி இரண்டு மழையில் கழன்றுவிடும். வெளிப்புறம் மட்டும் வெளிர் நிற பெயிண்ட் இரண்டு கோட்டு. உள்ளே பெயிண்டோ வார்னிஷோ கூடாது. கூகை கூடு கட்டாது. ஆகவே அடியில் 5 செ.மீ. மரச்சீவல் பரப்புங்கள். மரத்தூள் ஈரம் பிடித்துப் பூஞ்சணமாகும்.

4. எங்கே, எப்படி நிறுத்துவது

20 அடி ஜி.ஐ. குழாய், 3 அங்குலம். ஒரு மீட்டர் ஆழக் குழியில் கான்கிரீட் போட்டு நிறுத்தி, ஒரு வாரம் இறுக விட்ட பிறகு பெட்டியை ஏற்றுங்கள். பெட்டி 15 கிலோ வரை வரும். இரண்டு பேர், நல்ல ஏணி, கயிறு இல்லாமல் ஏற்றாதீர்கள். தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் குழாயைச் சுற்றி 60 செ.மீ. நீள வழுவழுப்பான தகரம் சுற்றினால் சாரைப்பாம்பும் பூனையும் ஏறாது.

வாய் கிழக்கையோ வடக்கையோ பார்க்கட்டும். மேற்கு வெயிலும் தென்மேற்கு மழைச் சாரலும் உள்ளே அடிக்கக் கூடாது. ஓசூர் ரோடு, பெல்லாரி ரோடு போன்ற நெடுஞ்சாலைக்கு அருகில் வேண்டவே வேண்டாம், ஒரு கிலோமீட்டராவது தள்ளியிருக்கட்டும். கூகை தாழப் பறக்கும், லாரியில் அடிபட்டுச் சாகும். பெட்டியைப் பார்த்து எல்.இ.டி. விளக்கும் கூடாது. கொய்யாவுக்கும் திராட்சைக்கும் போட்ட வலை தொளதொளவென்று இருந்தால் இழுத்துக் கட்டுங்கள், இருட்டில் அதில் மாட்டிக்கொள்ளும். மரத்தில் சிக்கிய மாஞ்சா நூலையும் அறுத்து எடுங்கள்.

5. உட்காரும் கொம்பு

மரங்கள் இன்னும் சிறிதாக உள்ள தோட்டத்துக்கு டி வடிவக் கொம்பு ஏக்கருக்கு நாலைந்து நடுங்கள். இரவுக்கு ஆந்தைகள் உட்கார 2 மீட்டர் உயரம், பகலுக்குக் கருந்தோள் பருந்து உட்கார 3 மீட்டருக்கு மேல். குறுக்குக் கட்டை 45 செ.மீ. மூங்கிலோ சவுக்கோ நல்லது. பி.வி.சி. குழாய் வழுக்கும், வேறு இல்லையென்றால் சணல் கயிறு சுற்றிவிடுங்கள். வளர்ந்த மாந்தோப்புக்கு இது தேவையில்லை.

6. எலி ஒளியும் இடத்தைக் குறையுங்கள்

முழங்கால் உயரப் புல்லுக்குள் ஓடும் எலியை எந்தப் பறவையும் பிடிக்காது. புல்லை வெட்டியே வைத்திருங்கள். மூடாக்கு அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளியிருக்கட்டும். கவாத்து செய்த கிளைக் குவியலையும் உதிர்ந்த பழத்தையும் அப்புறப்படுத்துங்கள். இளங்கன்றுக்கு 45 செ.மீ. உயரத்தில் கம்பிவலை சுற்றுங்கள்.

கூகை குடியேற ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை தஞ்சாவூர்க் கிட்டி என்னும் மூங்கில் எலிப்பொறிதான் கை கொடுக்கும். வளைகளுக்கு அருகிலும் வரப்போரமும் மாலையில் வைத்து, விடியலில் எடுத்துவிடுங்கள். கூகை வந்த பிறகும் எலி அடியோடு போகாது. எலி மிக அதிகமாகப் பெருகிய வருடத்தில் கிட்டியையும் சேர்த்தே ஓட்ட வேண்டும்.

7. என்னென்ன தவறும்

புறாவும் மைனாவும் முதலில் வந்து அடையும். முட்டை இல்லாத நிலையில் கூட்டுச் சருகை எடுத்துவிடுங்கள். தேனீ கட்டினால் புகை போடாமல், தேனீ வளர்ப்பவரை அழைத்து மாலையில் எடுக்கச் சொல்லுங்கள்.

வேலையாட்களின் பயம் உண்மையானது. கன்னடத்தில் ‘கூபெ’ என்றாலே அபசகுனம், தமிழிலும் அதன் அலறலுக்கு அதே பேர்தான். பெட்டி ஏற்றும் முன்பே அவர்களை உட்கார வைத்துச் சொல்லுங்கள்: கிறீச்சிடுவது கூகையின் இயல்பான குரல், உஸ்ஸென்று சீறுவது பெரும்பாலும் குஞ்சு இரை கேட்கும் சத்தம். தீபாவளி சமயத்தில் மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடிப்பவர்கள் திரிவார்கள். அந்த நாட்களில் பெட்டி இருக்கும் இடத்தை வெளியாரிடம் சொல்ல வேண்டாம், படம் எடுத்துப் பகிரவும் வேண்டாம்.

பகலில் கூகை வெளியே வந்தால் காக்கைகள் சூழ்ந்து விரட்டும். குஞ்சு கீழே விழுந்து கிடந்தால், காயம் இல்லையெனில் துணியால் எடுத்துப் பெட்டியிலேயே விடுங்கள். காயம் இருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வனத்துறைக்கோ கெங்கேரியில் உள்ள வனவிலங்கு மருத்துவமனைக்கோ தகவல் கொடுங்கள். பால், சோறு, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள்.

8. வந்துவிட்டதா?

பெட்டிக்குக் கீழே சுண்ணாம்பு தெளித்தது போன்ற எச்சமும், கறுத்த முடியுருண்டைகளும் கிடந்தால் குடி வந்தாயிற்று. எலியை அப்படியே விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். கையுறையும் முகக்கவசமும் போட்டு ஒன்றிரண்டை எடுத்து வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பிரியுங்கள். முன்னால் நீண்ட மஞ்சள் பற்கள், அடுத்து ஓர் இடைவெளி, பிறகு கடைவாய்ப் பல் என்றிருக்கும் மண்டையோடு எலியுடையது. இடைவெளி இல்லாமல் கூரிய பற்கள் வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. கூகை உங்கள் தோட்டத்தில் எதைத் தின்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது.

மாதம் ஒரு முறை முன்பு போலவே வளைகளை மூடி எண்ணிக் குறித்து வாருங்கள். முட்டையோ குஞ்சோ இருக்கும்போது பெட்டியைத் திறக்காதீர்கள், தாய் விட்டுவிட்டுப் போய்விடக்கூடும். முட்டை பொரிய ஒரு மாதம், குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம். நம் நாட்டில் கூகைக்குக் கறாரான இனப்பெருக்கப் பருவம் இல்லை. ஆகவே நாட்காட்டியை நம்பாமல் தூரத்திலிருந்து சில மாலைகள் கவனித்து, பெட்டி காலி என்று உறுதியான பிறகே வருடத்துக்கு ஒரு முறை பழைய குப்பையை அள்ளிவிட்டு, வடிதுளைகளைக் குத்திவிட்டு, புதுச் சீவல் பரப்பி மூடுங்கள்.