கோழிக்குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கும் முறை: மண் தட்டும் ஆற்றுக் கூழாங்கல்லும்

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில், ஒரு விடியற்காலையில் குஞ்சுப் பெட்டியைத் திறந்தபோது, எவர்சில்வர் கிண்ணத்தில் மூன்று குஞ்சுகள் நனைந்து கிடந்தன. இரண்டு விறைத்துவிட்டன, மூன்றாவது அலகை மட்டும் மெல்லத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கிண்ணத்தில் இருந்த தண்ணீர் என் விரலின் முதற்கணு அளவுதான். மூழ்கினால்தான் குஞ்சு சாகும் என்று எண்ணியிருந்த எனக்கு, நனைந்தாலே போதும் என்பது அன்று விளங்கிற்று. பிறந்த குஞ்சின் பஞ்சு மயிர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் அதற்கு இன்னும் வந்திராததால்தான் முதல் வாரத்தில் பெட்டிக்குள் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வைக்கிறோம். போதாக்குறைக்கு, குடித்துக்கொண்டிருக்கும்போதே கண் செருகித் தலை கவிழ்ந்துவிடும் வயது அது.

பெட்டி, உமி, குண்டு பல்பு எல்லாம் ஆயத்தமாக இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பாத்திரம். காருக்குறிச்சி மண்பாண்டங்களில் சட்டியை மூட வைத்திருக்கும் தாழ்வான தட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தட்டைக் குஞ்சுகள் ஏறிக் கவிழ்த்துவிடும், சிரட்டை உருளும், மண் தட்டோ வைத்த இடத்தில் கிடக்கும். முதல் பத்து நாட்களுக்கு இதைவிடச் சிறந்த பாத்திரம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, குஞ்சு தண்ணீருக்குள் இறங்காமல் இருக்கக் கல். தாமிரபரணி மணலில் பொறுக்கிய கூழாங்கற்களை வெந்நீரில் கழுவிக் காயவைத்துத் தட்டில் நெருக்கமாகப் பரப்ப வேண்டும். அளவில்தான் நான் முதலில் தவறினேன். எலுமிச்சம்பழ அளவில் கற்களை அடுக்கியபோது இடுக்குகள் ஆழமாக அமைந்து, ஒரு குஞ்சின் தலை அவற்றுக்கிடையே மாட்டிக்கொண்டது. பயறு அளவில் போட்டால் விழுங்கப் பார்க்கும். கோலிக்குண்டு அளவே சரியானது. கல் கிடைக்காதவர்கள் கோலிக்குண்டையே போடலாம்.

இனி, ஊற்றும் அளவு. கல் போட்ட பிறகும் ஒரு குஞ்சு நனைந்ததற்கு இதுவே காரணம். பல்பின் சூட்டில் தண்ணீர் வற்றிவிடுகிறது என்று, விடியும்வரை வரட்டும் என்னும் எண்ணத்தில் இரவு படுக்கும் முன் தட்டு நிறைய ஊற்றினேன். கற்கள் முழுவதும் மூழ்கிப்போக, கல் இருந்தும் பயனில்லாமல் போயிற்று. கற்களின் முதுகு எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும். ஊற்றிய பின் உள்ளங்கையைக் கற்களின்மேல் மெல்ல வைத்து எடுத்துப் பாருங்கள்; கை நனைந்தால் தண்ணீர் அதிகம். அலகு எட்ட வேண்டும், கால் நனையக்கூடாது. இரவுக்குப் போதாது என்று தோன்றினால், அதே அளவில் இரண்டாவது தட்டு ஒன்றை வையுங்கள். முதல் தட்டில் கூட்டி ஊற்றாதீர்கள்.

தட்டைப் பல்புக்கு நேர்கீழேயோ பெட்டியின் மூலையிலோ வைக்க வேண்டாம். குளிர் அடித்தால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கும். மூலையில் தட்டு இருந்தால் பின்னால் வருபவை முன்னால் நிற்பவற்றைத் தண்ணீருக்குள் தள்ளிவிடும். சூடு எட்டும் வட்டத்தின் ஓரத்தில், ஒரு தட்டோட்டின்மேல் வைத்தால் உமியும் நனையாது. ஈர உமியில்தான் இரத்தக் கழிச்சல் கிருமி வீரியம் பெறும் என்பதால், நனைந்த உமியை அன்றன்றே அள்ளி மாற்றிவிடுங்கள்.

தாய்க்கோழி இல்லாமல் வாங்கி வந்த குஞ்சுகளுக்கு, இளஞ்சூடான தண்ணீரில் அலகு நுனியை மட்டும் ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள். மூக்குத் துவாரம் நனையக்கூடாது. இரண்டு மூன்று குஞ்சுகள் கற்றுக்கொண்டால் மற்றவை பார்த்துப் பழகிவிடும்.

கற்களில் ஒரே நாளில் வழுவழுப்புப் படியும். நான் இரண்டு கூட்டம் கற்கள் வைத்திருக்கிறேன். ஒன்று தட்டில் இருக்கும்போது மற்றொன்று வெயிலில் காயும். குடிநீர் வழியாகத் தடுப்பு மருந்து கொடுக்கும் நாளில் தட்டையோ கல்லையோ பிளீச்சிங் பவுடரால் கழுவக்கூடாது. அதன் மிச்சம் மருந்தைக் கெடுத்துவிடும். இரண்டாம் வாரத்தில் கற்களை எடுத்துவிட்டு, கவிழ்த்து வைக்கும் குடுவைக்கு மாறலாம். அதன் விளிம்பு குஞ்சின் முதுகு உயரத்துக்கு வருமாறு அடியில் செங்கல் வையுங்கள்.

நனைந்த குஞ்சைக் கண்டால் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, உள்ளங்கைக்குள் பொத்திப் பல்பின் அருகே பிடித்திருங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பஞ்சு மயிர் அடிவரை உலர்ந்து பூத்து நிற்கும்வரை மற்றவற்றோடு விடக்கூடாது. அன்று அலகு திறந்து கிடந்த மூன்றாவது குஞ்சு இப்படித்தான் பிழைத்தது. இப்போது முட்டை இடுகிறது.

பின்சேர்க்கை: இதை வாசித்த ஒருவர், பெட்டியில் எல்லாம் சரியாக இருந்தும், தாய்க்கோழியோடு முற்றத்தில் மேயவிட்ட குஞ்சு மாட்டின் கழுநீர்த் தொட்டியில் விழுந்துவிட்டதாக வருந்தி எழுதியிருந்தார். குஞ்சுகள் வெளியே திரியும் நாட்களில் தொட்டியைப் பலகையால் மூடி, மாடு குடிக்கும் நேரத்தில் மட்டும் திறவுங்கள். மூட முடியாத கல் தொட்டி என்றால், உள்ளே ஒரு செங்கல்லைச் சாய்த்து வையுங்கள். விழுந்தது அதைப் பற்றி ஏறிக்கொள்ளும். கார்த்திகை மழையில் முற்றத்துப் பள்ளங்களில் நீர் தேங்கினால் மணல் போட்டு மேடாக்கிய பிறகே, கோழிகளை அடைத்து வைக்கும் பஞ்சாரக் கூடையைத் திறக்கிறேன்.