பாடல் ஓடும்போது கணினி முடங்கினால்
பாடலோ வீடியோவோ ஓடிக்கொண்டிருக்கையில் ஒலி ஒரே இடத்தில் சிக்கி இரைந்து, நீலத்திரை தோன்றி விண்டோஸ் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறதென்றால், ரேமை மாற்றச் செலவழிக்கும் முன் சவுண்ட் கார்டை விண்டோஸோடு இணைத்து இயக்கும் மென்பொருளான டிரைவரைச் சோதித்துவிடுங்கள். இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு சேர்ந்து இயங்குவதால், டிரைவரில் நேரும் சிறு பிழைகூட முழுக் கணினியையும் வீழ்த்திவிடலாம்.

கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் சவுண்ட் கார்டின் மீது ரைட் கிளிக் செய்து ‘டிசேபிள்’ கொடுத்த பின், முன்பு முடங்கவைத்த அதே வேலையைத் திரும்பச் செய்து பாருங்கள். முடக்கம் நின்றுவிட்டால் டிரைவர் மீதான சந்தேகம் வலுக்கிறது. அண்மையில் அப்டேட் செய்திருந்தால், பிராப்பர்ட்டீஸில் உள்ள ‘ரோல் பேக் டிரைவர்’ பழைய பதிப்பை மீட்டுத் தரும். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால், டிரைவரை நீக்கிவிட்டு, கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்குரியதை மட்டும் நிறுவுங்கள். எல்லா டிரைவர்களையும் தாமே புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் பரிந்துரைப்பதில்லை. விண்டோஸ் திறந்ததுமே முடங்குகிறதெனில், அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் சேஃப் மோடில் நுழைந்து இவற்றைச் செய்யலாம்; அங்கே ஒலி டிரைவர் இயங்காது.