மார்க்ஸ், டர்க்கைம், வெபர்: மூவரையும் ஒப்பிடுவது எப்படி?

சமூகவியல் படிக்கத் தொடங்கும் பலர் அதன் முன்னோடிகளான இந்த மூவரின் கொள்கைகளையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். 'ஒப்பிடுக' என்று கேள்வி வந்ததும் மூன்று பத்திகளை வரிசையாக எழுதிவைக்கிறார்கள். அது ஒப்பீடே அல்ல. ஒரே சம்பவத்தை மூவர் கையிலும் கொடுத்துப் பாருங்கள், வேறுபாடு தானாகத் தெரியும்.

படி 1: சம்பவத்தை எடுங்கள்

1863 ஜூனில் லண்டனில் மேரி ஆன் வாக்லி என்ற 20 வயதுத் தையல் தொழிலாளி இறந்துபோனார். புது இளவரசிக்காக நடந்த நடன விருந்துக்குச் சீமாட்டிகளின் உடைகள் அவசரமாகத் தேவைப்பட்டன. வேறு 60 பெண்களோடு சேர்ந்து இருபத்தாறரை மணி நேரம் ஓயாமல் தைத்தார். ஓர் அறைக்கு 30 பேர், மூச்சுவிடவே காற்றில்லை. வெள்ளியன்று படுத்தவர் ஞாயிறன்று இறந்தார். இந்தச் சாவை மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் (1867) விவரித்திருக்கிறார்.

படி 2: ஒரே கேள்வியைக் கேளுங்கள்

இத்தனை பெண்களும் ஊசியைப் போட்டுவிட்டு எழுந்து போகாதது ஏன்? சமூக ஒழுங்கு பற்றிய பெரிய கேள்வி இதற்குள்ளேயே இருக்கிறது.

படி 3: பதில்களை வாங்குங்கள்

மார்க்ஸின் பதில் நேரடியானது. அந்தப் பெண்களிடம் உழைப்புச் சக்தியைத் தவிர விற்க வேறொன்றும் இல்லை. வேலை நேரம் நீள நீள உபரி மதிப்பு, அதாவது கூலிக்கு மேல் உழைப்பு உண்டாக்கி முதலாளிக்குப் போகும் மதிப்பு, கூடும். முதலாளி கெட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, போட்டியே அவரை விரட்டும்.

அடுத்த இருவரிடமும் கொஞ்சம் கவனம் தேவை. அந்த ஜூனில் டர்க்கைமுக்கு 5 வயது, வெபர் பிறக்கவே இல்லை. அவர்கள் சொன்னதை அல்ல, அவர்கள் சிந்தனையை இங்கே பொருத்திப் பார்க்கிறோம்.

டர்க்கைமின் 'சமூகத்தில் வேலைப் பிரிவினை' (1893) நூல்படி, பழைய சமூகங்களை எல்லோரும் ஒரே மாதிரி வாழ்ந்து நம்பும் ஒற்றைத்தன்மை கட்டி வைத்தது. நவீன சமூகத்தை வேலைப் பிரிவினை கட்டி வைக்கிறது. ஒருவர் இல்லாமல் இன்னொருவர் பிழைக்க முடியாது. சரி, அப்புறம் ஏன் இந்தச் சாவு? தொழில் வளர்ந்த வேகத்தில் நெறிமுறைகள் வளரவில்லை. 1847-இன் பத்து மணி நேரச் சட்டம் ஜவுளி ஆலைகளின் பெண்களையும் இளையோரையும் மட்டுமே காத்தது. இந்தத் தையற்கூடம் அதற்கு வெளியே இருந்தது. இந்த இடைவெளியைத்தான் அவர் நெறியின்மை என்பார். டர்க்கைமுக்கு எல்லாமே இணக்கம்தான் என்று எழுதும் நோட்ஸ்களை நம்பாதீர்கள். பரம்பரைச் சொத்து மனிதர்களைப் பொருந்தாத வேலைக்குள் தள்ளும் 'கட்டாய வேலைப் பிரிவினை' பற்றியும் அதே நூலில் எழுதியிருக்கிறார்.

வெபரைக் கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டுவார். சட்டப்படி அந்தப் பெண் சுதந்திரமானவர். பசிதான் அவரை உட்கார வைத்தது. நேரம், செலவு, ஒப்படைக்கும் தேதி என எல்லாவற்றையும் கணக்காக்கும் பகுத்தறிவுமயமாதல்தான் அவருக்கு நவீனத்தின் முகம்.

படி 4: தீர்வில் மோதவிடுங்கள்

மதிப்பெண் இங்கேதான் இருக்கிறது. மார்க்ஸ் உடைமை முறையையே மாற்றச் சொல்வார். டர்க்கைம் 1902-இல் அதே நூலின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், தொழில்வாரி அமைப்புகள் நெறிகளை வகுக்க வேண்டும் என்றார். வெபருக்கு இரண்டிலும் பெரிய நம்பிக்கை இல்லை: சோசலிசம் வந்தால் தொழிலாளியின் ஆட்சி அல்ல, அலுவலரின் ஆட்சிதான் பெருகும் என்று 1918-இல் வியன்னாவில் ஆஸ்திரிய ராணுவ அதிகாரிகளிடம் பேசினார்.