ஆசிரியர் பயோடேட்டாவில் ரெஃபரன்ஸ்: யார் பெயரைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது

தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளில் அடுத்த கல்வியாண்டுக்கான ஆள் எடுப்பு பெரும்பாலும் பிப்ரவரியில் சூடுபிடித்து மே வரை போகும். டெமோ கிளாஸ் நன்றாக அமைந்த பிறகு, நியமன ஆர்டர் கொடுக்கும் முன் பல பள்ளிகள், நீங்கள் ரெஃபரன்ஸாக, அதாவது உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லக்கூடியவராக, பெயர் கொடுத்தவருக்கு ஒரு போன் போட்டு விசாரிக்கும். அந்த போனை எடுப்பவர் உங்கள் வகுப்பைக் கண்ணால் பார்த்தவராக இருக்க வேண்டும். யாரைப் போடலாம் என்று யோசிக்கும்போது இதை மட்டும் மனதில் வையுங்கள்.

மூன்று பேர் போதும். முதலில், கடைசியாக வேலை பார்த்த பள்ளியின் முதல்வர் அல்லது தலைமை ஆசிரியர். அடுத்து, உங்கள் நோட்ஸ் ஆஃப் லெசனில் (பாடக் குறிப்பேட்டில்) கையெழுத்துப் போட்ட ஒருங்கிணைப்பாளர் அல்லது பாடத் துறைத் தலைவர். மூன்றாவதாக, அதற்கு முந்தைய பள்ளியிலிருந்து ஒருவர். தாளாளரின் பெயர் கனமாகத் தெரியும். ஆனால் எட்டாம் வகுப்பை எப்படிக் கட்டுப்படுத்தினீர்கள் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. உறவினர், குடும்ப நண்பர், ஊர்ப் பிரமுகர் வேண்டவே வேண்டாம்.

புதிதாக பி.எட். முடித்தவர்களுக்கு, கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர்தான் முதல் பெயர். இரண்டாண்டுப் படிப்பில் 16 வாரத் தொடர் பயிற்சி இருக்கிறது. அத்தனை வாரம் உடனிருந்து பார்த்தவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. பயிற்சி முடியும் நாளிலேயே அவருடைய எண்ணை வாங்கி, அனுமதியும் கேட்டுவிடுங்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் முகமே நினைவிருக்காது. இரண்டாவது பெயர், உங்கள் பாடத்தின் கற்பிக்கும் முறையை நடத்திய பேராசிரியர்.

கேட்காமல் யார் பெயரையும் போடாதீர்கள். "யாரு? எந்த வருஷம்?" என்று எதிர்முனையில் ஒரு தயக்கம் வந்தாலே விசாரிப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும். முதலில் போனில் பேசுங்கள், பிறகு இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்:

"வணக்கம் மேடம். 2021 ஜூன் முதல் 2024 ஏப்ரல் வரை உங்களிடம் 6, 7, 8ஆம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தேன். இப்போது ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் டிஜிடி (பட்டதாரி ஆசிரியர்) கணக்கு வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். ரெஃபரன்ஸுக்கு உங்கள் பெயரைக் கொடுக்கலாமா? எந்த நேரத்தில் அழைத்தால் வசதி? பயோடேட்டா இணைத்துள்ளேன்."

வருடமும் வகுப்பும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன் வரும்போது அவர் இதைத் திறந்து பார்த்துத்தான் பதில் சொல்வார். அவர் சொல்லும் தேதியும் உங்கள் அனுபவச் சான்றிதழில் உள்ள தேதியும் ஒத்துப்போக வேண்டும். சான்றிதழில் 2023 மார்ச், பயோடேட்டாவில் 2024 ஏப்ரல் என்றிருந்தால், கைப்பிழையாக இருந்தாலும் பொய்யாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

பெயர்களைப் பயோடேட்டாவிலேயே திணிக்காமல் தனித்தாளில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், பதவி, பள்ளி, ஊர், கைபேசி எண், மின்னஞ்சல், உங்களை எந்த முறையில் எத்தனை வருடம் தெரியும், அழைக்க ஏற்ற நேரம். முதல்வர்களைக் காலை பிரேயர் நேரத்தில் பிடிக்க முடியாது. மாலை 4 மணிக்கு மேல் என்று குறித்தால் போன் எடுக்கப்படும். ஒவ்வொரு பருவமும் எண்களை ஒருமுறை அழைத்துச் சரிபாருங்கள். முதல்வர் வேறு பள்ளிக்கு மாறியிருந்தால், "அப்போதைய முதல்வர்" என்று எழுதி இப்போதைய பள்ளியையும் குறிப்பிடுங்கள். "கேட்டால் தரப்படும்" என்ற வரி இடத்தைத்தான் அடைக்கும், எடுத்துவிடுங்கள். விண்ணப்பப் படிவத்திலேயே ரெஃபரன்ஸ் கட்டம் இருந்தால் காலியாக விடாதீர்கள்.

சிக்கலான இடம், இப்போது வேலை பார்க்கும் பள்ளி. வேறு இடம் தேடுவது பிப்ரவரியிலேயே தெரிந்தால், மே மாதச் சம்பளம் வரை நெருக்கடி வரலாம். அதனால் முந்தைய பள்ளியின் பெயர்களைக் கொடுத்து, தாளின் அடியில் "தற்போதைய பள்ளியை ஆர்டர் உறுதியான பின் தொடர்புகொள்ளவும்" என்று எழுதுங்கள். நேர்முகத்திலும் வாயால் சொல்லுங்கள். விஷயம் தெரிந்த எந்த முதல்வரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பழைய பள்ளியில் மனஸ்தாபத்தோடு விலகியிருந்தால் முதல்வரைத் தவிர்த்து ஒருங்கிணைப்பாளரைக் கொடுக்கலாம். ஆனால் வருட நடுவில் நின்றதை மறைக்காதீர்கள். விசாரிப்பவர் தவறாமல் கேட்கும் கேள்வி, "திரும்ப வந்தால் எடுத்துக்கொள்வீர்களா?" என்பது. உண்மைக் காரணத்தை நீங்களே முன்னதாகச் சொல்லியிருந்தால், அங்கே வரும் பதில் அவருக்கு அதிர்ச்சியாக இருக்காது.

டெமோ முடிந்த அன்றே மூவருக்கும் பள்ளியின் பெயரையும் பதவியையும் அனுப்பிவிடுங்கள், தெரியாத எண் என்று அழைப்பைத் துண்டிக்காமல் இருப்பார்கள். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரு வாரத்துக்குள் முடிவைத் தெரிவியுங்கள்.