பெரிய ரேடியேட்டர் வாங்கும் முன் இடுக்குகளை அடைத்துவிடுங்கள்

மொரீஷியஸில் போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பிப் ஏறும் நெடுஞ்சாலையில், ஜனவரி வெயிலில் என் யூனோஸ் ரோட்ஸ்டர் (மாஸ்டாவின் சின்ன இருவர் கார்) கொதித்து நின்றது. எஞ்சின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டரைப் பெரிதாகப் போடச் சொன்னார்கள், போட்டேன். மூன்று டிகிரிகூடக் குறையவில்லை. காற்று அதற்குள் நுழையாமல் ஓரமாக நழுவிக்கொண்டிருந்தது.

கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்), தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப அதன் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), தண்ணீர் பம்ப் மூன்றும் சரியாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கை வையுங்கள்.

முதலில் குனிந்து அடித்தட்டைத் தேடுங்கள். முன்பம்பருக்குக் கீழே தொடங்கி எஞ்சினுக்கு அடியில் போகும் தட்டு அது. எண்ணெய் மாற்ற இடைஞ்சல் என்று முந்தைய உரிமையாளர் கழற்றி எறிந்திருக்கலாம். என் வண்டியில் அப்படித்தான். அது இல்லையென்றால் முகப்பில் புகும் காற்று கீழே வழிந்துவிடும். பழைய தட்டு கிடைக்காததால் 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டில் வெட்டிக்கொண்டேன். எண்ணெய் வடிக்கும் திருகுக்கு நேராக ஓட்டை விட மறக்காதீர்கள்.

அடுத்தது இரவு வேலை. ஒருவர் முகப்பு வாய்க்குள் டார்ச் அடிக்கட்டும். நீங்கள் பானட்டைத் திறந்து மேலிருந்து பாருங்கள். ரேடியேட்டரைச் சுற்றி எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கேதான் காற்றும் தப்புகிறது. நான் முதலில் மெத்தைக் கடை ஸ்பாஞ்சை அடைத்தேன். கியூர்பிப் மழையைக் குடித்து ஒரே வாரத்தில் தொங்கியது. தண்ணீர் உறிஞ்சாத கறுப்பு ரப்பர் நுரையே சரி. ஒட்டும் நாடாவை நான் நம்புவதில்லை, ரிவெட் அடியுங்கள்.

இனி என்னை ஏமாற்றிய இடம். பானட்டின் பின்விளிம்பில் வாஷர் (வளையத் தகடு) வைத்துத் தூக்கினால் சூடு வெளியேறும் என்பார்கள். நானும் தூக்கினேன். சிக்னலில் நின்றபோது அந்த இடுக்கில் அனல் அடித்தது, மகிழ்ந்துபோனேன். ஆனால் 90 கி.மீ. வேகத்தில் வெப்பம் முன்பைவிட 4 டிகிரி ஏறியது. பத்து சென்டிமீட்டர் கம்பளி நூல்களை அந்த விளிம்பில் ஒட்டி, தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினேன். "அண்ணா, நூலெல்லாம் உள்ளே போகிறது!" என்றான். ஓடும் வண்டியில் முன்கண்ணாடியின் அடியில் காற்று முட்டி அழுத்தம் கூடுகிறது. அது இடுக்கு வழியாக எஞ்சின் அறைக்குள் புகுந்தால், ரேடியேட்டரைக் கடந்து வரவேண்டிய காற்றுக்கு எதிரே சுவர் எழுப்பியதுபோல் ஆகிவிடும். வாஷர்களை அன்றே கழற்றினேன்.

சூட்டை அளக்க வண்டியின் வெப்பமானி முள்ளை நம்பாதீர்கள். என்னுடையது கொதிக்கும் தறுவாயிலும் நடுவிலேயே நின்றது. மேல் குழாயில் சென்சார் பொருத்தித் தனி மீட்டர் வையுங்கள். அதே ஏற்றத்தில் எனக்கு 108 டிகிரி காட்டியது இப்போது 95.

பின்சேர்க்கை: எல்லாவற்றையும் அடைத்த பிறகும் நெரிசலில் மட்டும் சூடேறுகிறது என்று இருவர் கேட்டார்கள். நின்ற வண்டிக்கு மின்விசிறிதான் காற்று. அது சுற்றும்போது ரேடியேட்டரின் முன்பக்கத்தில் ஒரு காகிதத்தைக் காட்டுங்கள். காகிதத்தை ரேடியேட்டரை நோக்கி இழுக்க வேண்டும். ஒருவருடைய விசிறி, பழுதுபார்த்தபோது கம்பி மாற்றி இணைக்கப்பட்டு, மாதக்கணக்கில் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது.