வாட்டில் பிள்ளைக்கு மருந்து: பக்கத்தில் நிற்பவர் கவனிக்க வேண்டியவை

பிள்ளையை வாட்டில் மறித்துவிட்டார்கள் என்றதும் உடுப்பும் சுடுதண்ணிப் போத்தலும் எடுத்து வைப்போம். அவற்றோடு வளர்ச்சிக் கோடு கீறிய கிளினிக் புத்தகத்தையும், வீட்டில் இதுவரை கொடுத்த மருந்துகள் எல்லாவற்றையும் போத்தலும் உறையுமாகக் கொண்டு போங்கள். பிரைவேட் டொக்டர் தந்த பாணி, கடையில் வாங்கிய குளிசை, நாட்டு மருந்துக் குடிநீர் எதையும் மறைக்க வேண்டாம். ஏச்சு விழும் என்று பயந்து சொல்லாமல் விட்ட பனடோலின் மேல் வாட்டிலும் ஒரு டோஸ் விழுந்துவிடும். பெனிசிலின் போன்ற மருந்து ஏதும் முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், யாராவது கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

அடுத்தது நிறை. சிறுபிள்ளைகளுக்குப் பெரும்பாலான மருந்துகளை வயதைப் பார்த்தல்ல, கிலோவைப் பார்த்தே கணக்கிடுகிறார்கள். போன மாதம் கிளினிக்கில் நிறுத்த கணக்கு போதாது, வயிற்றோட்டத்தில் கிடந்த பிள்ளை நன்றாக இறங்கியிருக்கும். சப்பாத்தையும் நனைந்த பம்பர்ஸையும் கழற்றி நிறுக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை உங்கள் போனிலும் எழுதி வையுங்கள்.

பனடோல் என்று நாம் சொல்லும் பரசிற்றமோலை வைத்துப் பார்த்தால் கணக்கு எங்கே பிழைக்கிறது என்று விளங்கும். ஒரு வேளைக்கு, கிலோ ஒன்றுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாணியென்றால் ஆறேகால் மில்லி. 5 மில்லியில் 250 உள்ள பாணியென்றால் 3 மில்லி. கைக்குழந்தைக்கான துளி மருந்து ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருந்தால் ஒன்றரை மில்லிதான். "போனமுறை ஆறு மில்லி கொடுத்தோம்" என்ற நினைவில் அந்தத் துளி மருந்தில் ஆறு மில்லி ஊற்றினால் 600 மில்லிகிராம், நாலு மடங்கு. ஆகவே போத்தலைத் திருப்பி, 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்ற வரியை ஒவ்வொரு முறையும் வாசியுங்கள். இரண்டு டோஸுக்கு நடுவில் ஆறு மணித்தியாலம், 24 மணித்தியாலத்தில் நாலு டோஸுக்கு மேல் இல்லை. மலவாசலில் வைத்த பரசிற்றமோலும் இந்த நாலுக்குள்தான் அடங்கும்.

பரசிற்றமோல் கூடக் கொடுத்துவிட்டதாகத் தெரிந்தால் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே சொல்லுங்கள். ஈரல் பாதிப்பு முதல் நாள் வெளியே தெரியாது. அதை முறிக்கும் மாற்று மருந்து முதல் 8 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். வீட்டில் இருந்தால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

அளப்பதற்கு வீட்டுத் தேக்கரண்டி வேண்டாம். ஒன்று மூன்று மில்லி பிடிக்கும், இன்னொன்று ஏழு பிடிக்கும். ஊசியில்லாத சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள். மூடி இருந்தால் கழற்றி எறிந்துவிடுங்கள், வாய்க்குள் போய் அடைக்கும். போத்தலைக் குலுக்கி, மருந்தை இழுத்து, கண் மட்டத்தில் பிடித்து, கறுப்பு றப்பரின் நுனிப்பக்க விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். தொண்டைக்கு நேரே பீச்ச வேண்டாம், கன்னத்தின் உட்பக்கமாகச் சிறிது சிறிதாக விடுங்கள். குடிக்கும் மருந்து இழுத்த சிரிஞ்சைக் கையில் சேலைன் ஏற்றக் குத்தியிருக்கும் கனூலாவுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்றோயின் பாணியைக் குலுக்காமல் ஊற்றினால் தொடக்கத்தில் மருந்து குறையும், போத்தல் முடியும்போது கூடிப் போகும்.

தாதி மருந்தோடு வரும்போது கேளுங்கள்: "மிஸ், இது என்ன மருந்து? எத்தனை மில்லி? பிள்ளையின் நிறை 10 கிலோ." அவர் வேலையைக் குறை சொல்வதல்ல இது. 0.5 என்ற எண்ணில் புள்ளி மங்கினால் 5 ஆகிவிடும், பத்து மடங்கு. நேற்று சிரிஞ்சின் அடியில் கிடந்த மருந்து இன்று நிரம்பி வந்தால் நிறுத்திக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. டொக்டருக்குச் சிங்களம் மட்டும் தெரிந்தால் தலையாட்டிவிட்டு இருக்காமல், தமிழ் தெரிந்த மிஸ்ஸைக் கூப்பிடுங்கள்.

அம்மா குளிக்கப் போய் அம்மம்மா பிள்ளையோடு நிற்கும் நேரத்தில் டோஸ் இரண்டாகிறது, அல்லது விடுபடுகிறது. ஒரு கொப்பியில் மருந்து, அளவு, நேரம், கொடுத்தவர் என்று எழுதி, ஆள் மாறும்போது அதையும் கையில் கொடுங்கள். மல்லாவியிலிருந்து கிளிநொச்சிக்கோ, கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ மாற்றினால், அம்புலன்ஸில் ஏறுமுன் கடைசி டோஸ் எத்தனை மணிக்கு என்று கடிதத்தில் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள்.

மாரி காலத்துக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் அசிட், அஸ்பிரின் எதுவும் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். குடிக்கச் சொன்ன நீரின் அளவும் மருந்து மாதிரித்தான், கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. நீரிழப்புக்குக் குடிக்கக் கொடுக்கும் ஜீவனி உப்புத் தூள் பைக்கற்று முழுவதையும் ஒரு லீற்றர் தண்ணியில் கரையுங்கள். ஒரு தம்ளரில் கரைத்தால் உப்பு ஏறிவிடும்.

வீட்டுக்கு விடும்போது உறையில் 'பி.டி.' என்றிருந்தால் இரு வேளை, 'டி.டி.எஸ்.' என்றால் மூன்று வேளை. தூளாகத் தரும் அன்ரிபயோற்றிக்கைக் கொதித்தாறிய தண்ணியில், போத்தல் கோடு வரை கலக்குங்கள். கலக்கிய பிறகு எத்தனை நாள் நிற்கும், குளிர்சாதனப் பெட்டி வேண்டுமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். பெட்டி இல்லையென்றால் அங்கேயே சொல்லுங்கள், நம் வெயிலுக்குத் தாங்கும் வேறு மருந்தை டொக்டர் எழுதலாம். மிஞ்சியதைத் தம்பிக்கென்று எடுத்து வைக்க வேண்டாம், அவனுடைய நிறை வேறு.